ஏழாவது உடைப்பு

மூன்று முறை நட்டோம்.
முதல் முறை நகரத்திலிருந்து படகில் வந்தார்கள்,
ஆளுக்கொரு நீலச் சட்டை தந்தார்கள்.
கயிறு பிடித்து வரிசை வரிசையாய்
கண்டல் முளைகளைச் சேற்றில் குத்தினோம்.
படம் எடுத்தார்கள். சோறு நன்றாயிருந்தது.
மூன்றாம் மாதம் வரிசை மட்டும் இருந்தது,
சிப்பி அப்பிய குச்சிகளாய்.
சட்டை இன்னும் இருக்கிறது,
சூடான சட்டி இறக்க.

இரண்டாம் முறையும் அப்படித்தான்.
மூன்றாவதைச் சொல்லப்போவதில்லை,
கணக்கெழுதியது நான்.

பிறகு ஒருத்தி வந்தாள், ரிஸ்மாயந்தி.
சட்டையும் இல்லை, முளையும் இல்லை.
ஒரு மூங்கில் கழி, அதில் கறுப்புக் கோடுகள்.
பதினாறு நாள் குளக்கரையில் குந்தியிருந்து
ஓதம் எதுவரை ஏறுகிறது, எங்கே முட்டி நிற்கிறது
என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மரம் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.
நீங்கள்தான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள்."

கதவு என்றது கரையை.
எங்கள் லந்தெபோ தீவில்
இறால் பொன்னாய் விற்ற காலத்தில்
கண்டலை வெட்டிக் கரியாக்கி
கரி விற்ற காசில் எழுப்பிய கரை.
வெள்ளைப்புள்ளி கண்டு இறால் செத்தது.
கரை சாகவில்லை.
கடனும்.

பள்ளிவாசல் முற்றத்தில் கூடினோம்.
ஏழு இடத்தில் உடைக்கவேண்டும்.
ஆறு குளங்களுக்கு ஆளில்லை.
ஒருவர் சபாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில்,
ஒருவர் மண்ணுக்குள்,
மற்றவர்கள் மக்கசாரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.
உயிரோடிருப்பவர்களிடம்
தொலைபேசியில் சம்மதம் வாங்கியாயிற்று.
ஏழாவது எங்களுடையது.
அதில் நானூறு பால்மீன்.

என் வீட்டுக்காரர் டாயெங் சிபாலி எழுந்து
செருப்பைத் தேடினார்.
நெடுநேரம் தேடினார்.
எங்கள் ஊரில் எல்லார் செருப்பும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

நான் எதுவும் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
ஒன்பது இரவு ஒரே பாயில் இரண்டு கரை.

பௌர்ணமிக்கு முந்தின இரவு
வலையோடு வந்தார்கள், கூப்பிடாமலே.
எங்களோடு பேச்சில்லாத டாயெங் பொல்லோ வந்தான்,
அவன் பெண்டாட்டி வந்தாள்,
இமாமின் மருமகன் டார்ச் விளக்கோடு வந்தான்.
விடியும்வரை அரித்தோம்.
முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீன்.
விற்ற காசு
பனிக்கட்டிக்கும் டீசலுக்கும் போக
ஒரு மூட்டை அரிசிக்கு ஆனது.
மிச்சம் எட்டு எங்கே என்று
இன்றுவரை கேட்கிறார் அவர்.

பிறகு மண்வெட்டியை அவரே எடுத்தார்.
ரிஸ்மாயந்தி காட்டிய இடத்தில் வெட்டவில்லை.
நாலடி தள்ளி.
"முதல் கூடை மண் இங்கேதான் போட்டேன்."
கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
அவள் பேசாமல் நின்றாள்.
தண்ணீர் ஒரு விரல் அளவு வந்தது,
பிறகு ஒரு கை,
பிறகு யாரையும் கேட்காமல் வந்தது.

இரண்டு ஆண்டு நுரையும் பிளாஸ்டிக்கும்தான்.
மூன்றாம் ஆண்டு
யாரும் குத்தாத முளைகள்,
வரிசை என்றால் என்னவென்று தெரியாதவை,
மிதந்து வந்து, சாய்ந்து கிடந்து,
ஒரு நாள் பார்த்தால் நிற்கின்றன
கோணலாய், கும்பலாய், ஒன்று மட்டும் வெகு தள்ளி.
உளைச் சேற்றில் நண்டு வளைகள்.
வளைக்கு வளை ஒரு பிள்ளையின் கை.

என் கணக்குப் புத்தகத்தில் இன்னும்
'நட்டவர்' என்றொரு பத்தி இருக்கிறது.
காலியாய் விட்டேன்.
ஏன் காலி என்று நகரத்து அலுவலகம் கேட்டது.
ஓதம் என்று எழுதி அனுப்பினேன்.
அப்படியானால் நடவுக்கூலி யாருக்கு என்று
மறுபடி கேட்டிருக்கிறது.

காலையில் இப்போதும் அவர் குளத்தைச் சுற்றப் போகிறார்.
கரை முக்கால்வாசி கரைந்துவிட்டது.
அது திரும்பிய இடத்தில் கால் திரும்புகிறது,
முழங்கால் தண்ணீரில்.

நேற்று எண்ணியபோது முந்நூற்றுப் பன்னிரண்டு.
இன்று முந்நூற்று ஒன்று.
பொல்லோவின் வெள்ளாடு வற்றத்தில் இறங்கியிருக்கிறது.
கன்றுக்கு ஐயாயிரம் ரூபியா அபராதம்,
கூடிப் போட்ட விதி, அவனும் கைதூக்கியதுதான்.
கேட்கப் போனேன்.
அந்த இரவு வலை இழுத்ததற்குக்
கூலி எழுதினாயா என்கிறான்.

புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.